எல்லாப் புத்தகங்களிலும் வந்த பெண்

நூலகர் உட்காரவில்லை. துணிப்பையிலிருந்து ஐந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். பிறகு அவற்றைத் தொடப் பிடிக்காதவர் போல ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"இந்த அஞ்சு புத்தகத்துலயும் ஒரு பொம்பளை வர்றா," என்றார். "ஆனா, எதுலயும் அவ இல்ல."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி, திருத்திக்கொண்டிருந்த அச்சுத்தாளைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடங்களாகப் பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்ப்பவர். ஓர் உயிலில் ஒற்றெழுத்து விழுந்திருந்த இடத்தை வைத்தே அது போலி என்று காட்டிக்கொடுத்த நாளிலிருந்து, சிக்கலில் மாட்டியவர்கள் அவரைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. ஊருக்கு அவர் 'புரூஃப் அக்கா'.

"உக்காருங்க சார். முதல்லேர்ந்து சொல்லுங்க."

நூலகர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அக்காவின் தம்பி தோளில் கருவிப் பையோடு உள்ளே வந்தார். ஏசி மெக்கானிக். கோடையில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனாலும் அக்கா வீட்டுக்கு யாராவது கவலை முகத்தோடு வந்தால், எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்துவிடுவார்.

"கொலையா?" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"உள்ள வந்து வாயை மூடிட்டு உக்காரு," என்றார் அக்கா.

நூலகர் சொன்னது இதுதான். கோடை விடுமுறை தொடங்கியதும் பொது நூலகத்தில் 'கோடை வாசிப்பு' ஆரம்பித்திருந்தார்கள். புத்தகம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. படித்து முடித்ததும் 'மனதில் நின்ற இடம் எது?' என்ற கேள்விக்கு அதில் நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டுகளை நுழைவாயில் பலகையில் குத்தி வைப்பார்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு வாரம் மூன்று முறை நூலக வண்டியே வீடு தேடிப் போகும். அப்படி வண்டி போகிற வீடுகளில் ஒன்று டீச்சரம்மாவுடையது. நாற்பது வருடம் மொழிப்பாடம் நடத்தியவர். மூன்று வருடமாகக் கால் விழுந்து, மகன் வீட்டில் இருக்கிறார்.

"எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். ஒரு பிழைக்கு நூறு தடவை எழுத வைப்பாங்க," என்ற நூலகர் சீட்டுகளை நீட்டினார். "படிச்சுப் பாருங்க."

முதல் சீட்டு ஒரு கடற்பயண நாவலுக்கானது.

'வாழைத் தீவில் கப்பல் ஒதுங்கும் இடம் நன்று. ஒரு வாழை மரம்கூட இல்லாத தீவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று ஆசிரியர் சொல்லியிருக்கலாம். மேலே உள்ள அறையில் ஒரு பெண் இருக்கிறாள். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. அவளைப் பற்றி மேலும் சொல்லாமல் விட்டது ஏன்?'

இரண்டாவது, தேனீ வளர்ப்புக் கையேட்டுக்கு.

'ராணித் தேனீயைக் கூண்டில் அடைக்கும் முறை தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் மாடி அறைப் பெண் மறுபடியும் வருகிறாள். தேனீக்கும் இவளுக்கும் என்ன தொடர்பு?'

மூன்றாவது, ஓர் அரசனின் வரலாற்றுக்கு.

'போர்க்களத்தின் நடுவே அதே பெண். அவளுடைய அடையாளத் தாள்களை அரசன் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறானாம். அந்தக் காலத்தில் ஏது அடையாளத் தாள்? அந்தப் பகுதி மட்டும் மிக மெதுவாக இருக்கிறது.'

நான்காவது, விலங்குக் கதைகளுக்கு.

'நரியும் கொக்கும் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் குறுக்கே வந்தாள். தன் தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். கொக்கு பதில் சொல்லவில்லை.'

தம்பி தன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். அறையில் அனல் அடித்துக்கொண்டிருந்தபோதும் அவர் கையில் ரோமம் குத்திட்டு நின்றது.

"அஞ்சாவது?" என்றார் அக்கா.

"வெறும் சீட்டு. நட்சத்திரங்களைப் பத்தின புத்தகம் அது. திங்கக்கிழமை திரும்பி வந்துச்சு. ஒரு எழுத்துகூட இல்ல. அதைப் பார்த்தப்பதான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு."

"மத்த நாலு புத்தகத்தையும் நீங்க படிச்சீங்களா?"

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை. பின்னட்டை வரைக்கும். மாடி அறையும் இல்ல, பொம்பளையும் இல்ல." நூலகர் குரலைத் தாழ்த்தினார். "என் பிரச்சினை அது மட்டும் இல்ல. சீட்டெல்லாம் பலகையில இருந்துச்சே, பிள்ளைங்க படிச்சிட்டாங்க. அந்தப் பொம்பளை ஒரு புத்தகத்துலேர்ந்து இன்னொரு புத்தகத்துக்கு நடந்து போறான்னு ஒரு பேச்சு. பாதிப் பேர் புத்தகம் எடுக்கவே மாட்டேங்கறாங்க. நூலகக் குழுத் தலைவர் கோடை வாசிப்பையே நிறுத்தச் சொல்றார். நானும்தான், நேத்து மத்தியானம் தனியா உக்காந்து படிச்சிட்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பக் கை வரல."

"மூணு சாத்தியம்க்கா," என்று தம்பி விரலை மடக்கினார். "ஒண்ணு, டீச்சரம்மா செத்துட்டாங்க, யாரோ அவங்க பேர்ல எழுதறாங்க. ரெண்டு, அவங்களுக்குப் புத்தி பிசகிடுச்சு. மூணு…" மூன்றாவதைச் சொல்லாமல் புத்தகங்களைப் பார்த்தார்.

"கையெழுத்து அவங்களோடதுதான்," என்றார் நூலகர். "பழைய அடுக்கு இல்ல, அவ்வளவுதான்."

உண்மைதான். எழுத்துகள் ஒவ்வொன்றும் முத்தாக இருந்தன. ஆனால் வரிகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மூன்றாவது சீட்டில் கடைசிச் சொல்லின் கடைசி எழுத்து பாதிதான் இருந்தது. மீதி, தாளின் விளிம்பைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

அக்கா கடற்பயண நாவலைப் பிரித்து, தீவு வரும் பக்கத்தைத் தேடி, அதில் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தார்.

"டீச்சரை நேர்ல பார்த்தீங்களா?"

"இல்ல. வண்டிக்காரர்தான் போவார். மருமகள் வாசல்லயே வாங்கிக்குவாங்க. திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு புத்தகத்தையும் உதறிப் பார்த்துட்டுத்தான் கொடுப்பாங்களாம். பொறுப்பான குடும்பம்."

"வண்டி மறுபடி எப்ப போகும்?"

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு அந்தப் பக்கம் போகுது."

அக்கா எழுந்தார். "தம்பி, உனக்கு ஒரு வேலை இருக்கு. வண்டியில போ. அந்த வீட்டை வெளியிலேர்ந்து பாரு. உன் கண்ணால பாரு, என்ன? மெக்கானிக் கண்ணால."

*

பன்னிரண்டு மணி வெயிலில் நூலகம் மட்டும்தான் அந்தத் தெருவில் குளிர்ந்திருந்தது. வீட்டில் மின்விசிறி இல்லாதவர்கள் பகல் முழுவதும் உட்காரட்டும் என்று பெரிய கூடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். குடிதண்ணீர்க் குடம், பாய்கள், செய்தித்தாள் விரித்துத் தூங்கும் இரண்டு முதியவர்கள். சிறுவர் பகுதியில் பொம்மலாட்டத்துக்குத் திரை கட்டியிருந்தது. முப்பது பிள்ளைகள் இருந்தும் சத்தமே இல்லை. அதுதான் அக்காவுக்கு வினோதமாகப் பட்டது. பிள்ளைகள் புத்தகங்களைப் படிக்காமல், ஓரத்தை மட்டும் மெல்ல நெம்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சட்டென்று மூடிக்கொண்டிருந்தார்கள்.

இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, அந்தப் பொம்பளை வெளிய வரணும்னு கேக்கறாளா, இல்ல நம்மளை உள்ள கூப்பிடறாளா?"

அக்கா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "வெளிய வரணும்னுதான் கேக்கறா," என்றார்.

நூலகரின் மேசைக்குப் போனதும் அந்த வெறும் சீட்டை எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் அவருடைய விரல் நின்றது. தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பிறகு ஒரு பென்சிலைக் கேட்டு வாங்கி, அதன் கூரைப் படுக்கவைத்து, தாளின்மேல் மெல்லத் தேய்த்தார். கரிய பரப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன, தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ மேலே வருவதைப் போல.

'நட்சத்திரங்களின் தூரத்தைக் கணக்கிடும் அத்தியாயம் முடிந்ததும் அவள் வருகிறாள். வெள்ளிக்கிழமை தன்னைக் கப்பலேற்றி வேறு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்கிறாள். அதன்பின் எந்தப் புத்தகத்திலும் வர மாட்டாளாம். இதன் அடுத்த பாகம் உடனே வேண்டும். அவசரம்.'

"இதுக்கு அடுத்த பாகமே கிடையாதே," என்றார் நூலகர்.

"இன்னைக்குப் புதன்," என்றார் அக்கா. "நமக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

நான்கு மணிக்குத் தம்பி திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை.

"பெரிய வீடுக்கா. எல்லா ரூமுக்கும் ஏசி. வெளியில எண்ணிப் பார்த்தேன், ஆறு யூனிட். மாடியில கடைசி ரூமுக்கு மட்டும் இல்ல. ஜன்னலையும் முக்கால்வாசி அடைச்சு வெச்சிருக்காங்க. இந்த வெயில்ல அதுக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கும். 'அந்த ரூமுக்கும் ஒண்ணு போட்டுடலாமா மேடம்'னு வாசல்ல நின்னு கேட்டேன். அது ஸ்டோர் ரூம்னாங்க."

"அப்புறம்?"

"ஸ்டோர் ரூம் ஜன்னல் கம்பியில எதுக்கு ஒரு துண்டு காயுது?"

அக்கா தலையசைத்தார். "வேற என்ன பார்த்தே?"

"வீட்டுல சின்னக் குழந்தை யாரும் இல்ல. ஆனா ஹால் அலமாரியில ஒரு வெள்ளை ஸ்பீக்கர் இருந்துச்சு. தொட்டில் பக்கத்துல ஒண்ணை வெச்சிட்டு, குழந்தை அழுதா இன்னொண்ணுல கேப்பாங்களே, அது. வயசானவங்களுக்காக இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம், நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். 'டீச்சரம்மா இன்னும் தானே படிக்கறாங்களா'ன்னேன். 'ஓ, கண்ணாடிகூட இல்லாம படிப்பாங்க'ன்னு மருமகள் சொன்னாங்க."

"அது பொய்," என்றார் அக்கா. "சரி, இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போகலாம்."

பெண் இன்ஸ்பெக்டர் சீட்டுகளைப் பொறுமையாகப் படித்தார். பிறகு கையை விரித்தார். "நம்பறேன். ஆனா அஞ்சு மஞ்சள் சீட்டை வெச்சுகிட்டு ஒருத்தர் வீட்டுக் கதவை உடைக்க முடியாதும்மா."

"உடைக்க வேண்டாம். பரிசு கொடுக்க வந்தவங்களை யாரும் வாசல்ல நிக்க வைக்க மாட்டாங்க. நீங்க சாதாரண உடுப்புல வாங்க. நூலகக் குழு உறுப்பினர்." அக்கா நூலகரைப் பார்த்தார். "சிறந்த குறிப்பு எழுதினவங்களுக்குப் பரிசு உண்டுதானே?"

"உண்டு. அது பொய்யில்ல," என்றார் நூலகர். "நியாயமாப் பார்த்தா அது அவங்களுக்குத்தான் போகணும்."

*

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, பத்தே முக்காலுக்கே போய் நின்றார்கள். கதவு திறக்க நேரமானது. உள்ளே அவசரமான காலடிச் சத்தம், ஏதோ ஓர் அறைக் கதவு சாத்தும் ஓசை. பிறகு மருமகள் சிரித்த முகத்தோடு வந்து கூட்டிப் போனாள். புகைப்படம் எடுப்பார்கள் என்று மகனும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஏற்றுமதி வியாபாரம் செய்பவர். எல்லோரையும் கைகுலுக்கி வரவேற்றார்.

டீச்சரம்மா பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மொடமொடப்பான பருத்திப் புடவை, படிய வாரிய வெள்ளைத் தலை. கண்கள் திறந்துதான் இருந்தன.

அக்கா ஒன்றும் பேசாமல் பரிசுச் சான்றிதழை அவர் முன்னால் நீட்டினார். டீச்சரம்மாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. நூலகர், தம்பி, இன்ஸ்பெக்டர் மூவரும் அதைப் பார்த்தார்கள். மகன் அவசரமாகக் குறுக்கே வந்து சான்றிதழை வாங்கித் தாயின் கையில் வைத்தார்.

"டீச்சர், வாழைத் தீவைப் பத்திக் கேட்டிருந்தீங்க," என்றார் அக்கா. "அந்தத் தீவு பேரு வாழை இல்ல. வாளை. வாளை மீன். புத்தகத்துல சரியாத்தான் அச்சாகியிருக்கு."

டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன்! படிச்சவ நாக்குல ழகரமும் ளகரமும் ஒண்ணு. நான் என்ன பண்றது?"

மருமகளின் சிரிப்பு மறைந்தது.

"அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார் மகன்.

"அவங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு சார். கண்ணுதான் இல்ல." அக்காவின் குரல் உயரவில்லை. "நாற்பது வருஷம் மொழி சொல்லிக் கொடுத்தவங்க, அச்சுல பார்த்த பேரைத் தப்பா எழுத மாட்டாங்க. காதால கேட்டிருந்தா எழுதுவாங்க. அரசன் கதையில ஒரு பகுதி மட்டும் மெதுவா இருக்குன்னாங்க. அச்சுல எந்தப் பகுதியும் மெதுவா இருக்காது. குரல்தான் மெதுவாகும். ஒரு வரிமேல இன்னொரு வரி ஏறுது. எழுத்து தாளைத் தாண்டிப் போகுது. மை இல்லாத பேனாவால ஒரு சீட்டு முழுக்க எழுதியிருக்காங்க. ஆக, அவங்களுக்கு யாரோ படிச்சுக் காட்டறாங்க. மாடி அறைப் பெண் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. படிக்கறவங்க வாயில இருக்கா. அவங்க தன்னைத்தான் சொல்றாங்க."

"ஏன் அப்படிச் சுத்தி வளைக்கணும்?" என்றார் இன்ஸ்பெக்டர், தெரியாதவர் போல.

"நேரடியாப் பேச முடியாது. டீச்சர் அறையில பேசறது இந்த ஸ்பீக்கர்ல கேக்கும். புத்தகத்துல எதையும் செருகி அனுப்ப முடியாது, உதறிப் பார்ப்பாங்க. ஆனா கதை படிக்கறப்ப நடுவுல நாலு வரி சேர்த்தா யாருக்குத் தெரியும்? இந்த வீட்டுல வேற யாரும் அந்தப் புத்தகங்களைப் படிச்சதில்ல."

மகன் சிரிக்க முயன்றார். "உதவிக்கு ஒரு பொண்ணு இருந்தது உண்மைதான். அது போன வாரம் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிடுச்சு. எங்க மேல ஏதாவது கோபமா இருந்திருக்கும், வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் படிச்சிருக்கு."

"வண்டிக்காரர் நட்சத்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது சனிக்கிழமை," என்றார் நூலகர். "திங்கக்கிழமை குறிப்போட திரும்பி வந்துச்சு. எங்க பதிவுல இருக்கு."

"அதை நான்தான் படிச்சேன்," என்றாள் மருமகள் சட்டென்று.

அக்கா பையிலிருந்து கடற்பயண நாவலை எடுத்து, பக்கத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்தார். "ஒரே ஒரு வரி படிங்கம்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு படித்தாள். "வாளைத் தீவின் கரையில் அலைகள் ஓய்ந்திருந்தன."

டீச்சரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "என் மருமக ளகரத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது," என்றார். "எனக்குப் படிச்சது இந்த நாக்கு இல்ல."

மகனின் முகம் சிவந்தது. "போதும். பரிசு கொடுக்க வந்தீங்க, கொடுத்தாச்சு. இந்த வீட்டுல நாங்க மூணு பேரைத் தவிர யாரும் இல்ல. கிளம்புங்க."

அப்போது அலமாரியிலிருந்த வெள்ளை ஸ்பீக்கர் கரகரத்தது.

முதலில் ஒரு மூச்சு. துணி உரசும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல். புத்தகம் படிக்கிறவர்களுக்கே உரிய ஏற்ற இறக்கத்தோடு, வரி வரியாக, மிக மெதுவாக அது வந்தது.

"அப்போது அந்தப் பெண் சொன்னாள். நான் இங்கேதான் இருக்கிறேன். வந்தவர்கள் சீக்கிரம் வந்துவிட்டதால், என்னை மாடிக்குக் கொண்டுபோக நேரமில்லை. கிழவியின் அறையில் வைத்து வெளியே தாழ் போட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் போய்விட வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னாள்."

தம்பி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். இத்தனை நாள் தாளில் மட்டும் நடமாடியவள் அறைக்குள் வந்து பேசியதைப் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர்தான் முதலில் எழுந்தார். அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, நடைவழியில் போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்.

வெளியே வந்தவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மெலிந்த உடம்பு. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தாள். கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நூலகர் கையில் இருந்த மஞ்சள் சீட்டுகளைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள். தம்பி ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பதினேழு மாசம்," என்றாள். "தெருவைப் பார்த்துப் பதினேழு மாசம் ஆச்சு."

மாடியின் கடைசி அறைக்கு வெளிப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்கள் இருந்தன. உள்ளே ஒரு பாய், ஒரு வாளி, கம்பியில் ஒரு துண்டு. அவளுடைய தாள்கள் மகனின் அலமாரியில், ஒரு நீல உறைக்குள் பூட்டியிருந்தன. அடுத்த நாள் கப்பலுக்கான சீட்டும் அதனோடு இருந்தது. இறங்கும் துறைமுகம் அவளுடைய ஊர் அல்ல.

மகனையும் மருமகளையும் கூட்டிப்போக இன்னொரு வாகனம் வந்தது. அந்தப் பெண்ணை நூலகர் தம் மனைவியிடம் அழைத்துப் போவதாகச் சொன்னார். அவள் புறப்படும் முன் டீச்சரம்மாவின் அருகில் மண்டியிட்டாள். டீச்சரம்மா அவள் முகத்தை இரு கைகளாலும் தடவினார், நெற்றி, மூக்கு, கன்னம் என்று, நிதானமாக, படிப்பதைப் போல.

"உன் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு முதல்ல கேளு," என்று மட்டும் சொன்னார்.

வீடு காலியானது. டீச்சரம்மாவின் தங்கை மகள் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். தம்பி வாசலில் காத்திருக்க, அக்கா டீச்சரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்றார். "இல்லையா டீச்சர்?"

டீச்சரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தேனீப் புத்தகத்துல பொம்பளை வர மாட்டாள்னு எனக்குத் தெரியாதா?" என்றார் பிறகு. "முதல் புத்தகத்துல கதைன்னுதான் நினைச்சேன். ரெண்டாவதுல புரிஞ்சு போச்சு. வாய் திறந்து கேட்டிருந்தா அன்னைக்கே அவளைக் கிளப்பியிருப்பான். என்கிட்ட போன் கிடையாது. இருந்தது அந்தச் சீட்டு ஒண்ணுதான். அதையும் அவன் மேலோட்டமாப் பார்த்துட்டுத்தான் அனுப்புவான். அதனாலதான் ஆசிரியரைக் குறை சொல்ற மாதிரி எழுதினேன். அம்மாவுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு சிரிச்சிட்டு விட்டுட்டான்."

"அப்ப, அந்தக் கடைசிச் சீட்டு? பேனாவுல மை தீர்ந்தது…"

"மை இல்லாத பேனா தாள்ல வேற மாதிரி சத்தம் போடும்மா. கண்ணு போனவளுக்கு அதுகூடவா கேக்காது? வெள்ளிக்கிழமை, கப்பல்னு மையால எழுதியிருந்தா அந்தத் தாள் வாசலைத் தாண்டியிருக்காது."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நான் அதைப் பார்வை இல்லாததுனால வந்த பிழைன்னு நினைச்சேன்."

"பரவாயில்ல. என் மாணவன் வெத்துத் தாளைக்கூடத் தூக்கிப் போட மாட்டான்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயாவது கொண்டுபோவான்."

வெளியே வாகனம் கிளம்பிப் போன திசையில் டீச்சரம்மா முகத்தைத் திருப்பினார். விரல்கள் சான்றிதழின் ஓரத்தை மடக்கி மடக்கி நிமிர்த்தின.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளுங்க டீச்சர்."

"அவன் வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தானா?"

அக்கா வாசலைப் பார்த்தார். படியில் உட்கார்ந்திருந்த தம்பி, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

"இல்ல டீச்சர்," என்றார் அக்கா. "பார்க்கல."

டீச்சரம்மா மெல்லத் தலையசைத்தார்.

"சின்ன வயசுலயும் அப்படித்தான்," என்றார். "ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டா திரும்பியே பார்க்க மாட்டான். நான்தான் அவன் உள்ள போற வரைக்கும் நின்னு பார்த்துட்டு வருவேன்."

அவருடைய கை காற்றில் தேடியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். தங்கை மகள் வரும்வரை விடவில்லை.